மூன்றா எட்டா

கல்யாணமாகி ஐந்து வருடம் வரைக்கும் என் மாமியார் சொந்தக்காரர்களிடம் என் வேலையைப் பற்றிச் சொன்னது ஒரே வரிதான். "ஏர்போர்ட்ல ஆபீஸ் வேலை." அதில் பொய் எதுவும் இல்லை. விமான நிலையத்தில் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் உண்டு. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும் நேரம் ரொம்பக் குறைவு என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர். எங்கள் ஊருக்கு வருவதெல்லாம் எழுபது பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். வெளியே விசிறி சுற்றும் ரகம். அது வந்து நின்றதும் சுற்றிப் பார்த்து, டயர், பிரேக், எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் சோதித்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் விமானம் நகராது. அதற்காக நீல ஓவரால் மாட்டிக்கொண்டு, முக்காட்டின் நுனியைக் கழுத்துப்பட்டைக்குள் செருகிக்கொண்டு, பல நாள் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பேன். மாமியாருக்கு இது தெரியாமல் இல்லை. நெல்லித்தோப்பு வீட்டு மொட்டைமாடியில் என் ஓவரால் காயும்போது, அதன் முன்னால் ஒரு போர்வையை விரித்துப் போட்டு மறைப்பவரே அவர்தான். சண்டையெல்லாம் கிடையாது. எங்களுக்குள் அது பேசப்படாத விஷயமாக இருந்தது, அவ்வளவுதான்.

என் கொழுந்தனின் நிக்காஹ் ஹைதராபாத்தில் நிச்சயமானது. பெண் வீட்டார் இங்கிருந்து போய் அங்கே வியாபாரம் செய்கிறவர்கள். நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. என் கணவர் இரண்டு நாள் முன்னதாகவே ரயிலேறிப் போய் மண்டப வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை, மாமியார், மாமனார், கணவரின் சித்தப்பா குடும்பம், இரண்டு பூப்பிகள் என்று பதினோரு பேர் சனிக்கிழமை விமானத்தில் கிளம்புவதாக ஏற்பாடு. பூப்பி என்றால் மாமனாரின் அக்கா தங்கைகள். எனக்கும் அதே விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தது. அன்று காலை வேலை பார்த்து, அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓவராலைக் கழற்றிப் புடவைக்கு மாறி நானும் ஏறிவிட வேண்டியது. அடுத்த நாளிலிருந்து என் இடத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வருவார். ஒரு நாள்கூட விடுப்பு வீணாகாத இந்தத் திட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கியது. வந்தவர்கள் இறங்கிப் போனார்கள். போகிறவர்கள் பாதுகாப்புச் சோதனை முடிந்து கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கண்ணாடி வழியாக எங்கள் வீட்டுக் கூட்டம் நன்றாகத் தெரிந்தது. சின்னப் பூப்பி கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு விமானத்தைப் பார்த்தார். யாருக்குமே என்னை அடையாளம் தெரியவில்லை. தொப்பியும் காது மூடியும் போட்டிருந்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியாது.

என்னோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன் ரெட்டியார்பாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாதாரணமாக என்னை மேடம் என்பார். நிலைமை மோசமானால் தங்கச்சி என்பார். நான் அவரை எப்போதும் அண்ணன் என்றே கூப்பிடுவேன். அன்று அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று என் போனைத் தூக்கிக் காட்டினார்.

"தங்கச்சி, ஹெட் ஆபீஸு. மூணாவது வாட்டி அடிக்குது."

தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசினார்கள். விஷயம் இதுதான். விமானத்தின் சக்கரத்தை மடக்குவது, பிரேக் பிடிப்பது எல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் நடக்கிறது. அந்த அழுத்தத்தைச் சேர்த்து வைக்க முழங்கை நீளத்தில் ஓர் உலோக உருளை உண்டு. அக்யூமுலேட்டர் என்போம். உள்ளே ஒரு பக்கம் எண்ணெய், மறு பக்கம் நைட்ரஜன் வாயு. பம்பு நின்றுபோனாலும் சில தடவை பிரேக் பிடிக்க அதில் அழுத்தம் மிச்சமிருக்கும். உருளையின் முனையில் மரை போட்டுத் திருகிய மூடி ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தொகுதியில் செய்த மூடிகளில் விரிசல் விடுகிறது என்று தயாரித்தவர்களே கண்டுபிடித்து, எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லிக் கட்டாய உத்தரவு போட்டிருந்தார்கள். அந்த உத்தரவு எங்களுக்கு முன்பே வந்ததுதான். அதற்கு அவகாசம் இருந்தது. எங்கள் விமானங்களுக்கு அடுத்த வாரம் ஹைதராபாத்தில் சோதனை என்று முடிவாகியிருந்தது. அன்று காலை எங்கேயோ வெளிநாட்டில் அப்படி ஒரு மூடி பிய்த்துக்கொண்டு போய், பக்கத்துக் குழாய்களை எல்லாம் கிழித்துவிட்டதாம். நல்லவேளையாக அந்த விமானம் தரையில் நின்றிருந்தது. உடனே உத்தரவைத் திருத்திவிட்டார்கள். இனி அடுத்த முறை பறப்பதற்கு முன்பே சோதனை முடிந்திருக்க வேண்டும்.

"பட்டியல்ல உள்ள நம்பரா பாருங்க, இல்லன்னா அப்படியே அனுப்பிடலாம்" என்றார் போனில் பேசியவர். அந்தத் தொகுதி எண்களின் பட்டியல் என் போனுக்கு வந்து விழுந்தது.

அண்ணனும் நானும் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பலகையைத் திறந்தோம். டார்ச் அடித்து உருளையின் பெயர்த்தகட்டைப் பார்த்தேன். வரிசை எண்ணில் கடைசிக்கு முந்தின இலக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. இந்த எண்ணெய் ஊதா நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பெயிண்டைத் தின்னும், தோலில் பட்டால் எரியும். எப்போதோ கசிந்தது அந்த ஓர் இலக்கத்தின் மேல் உட்கார்ந்து அரித்திருக்கிறது. அது எட்டாக இருந்தால் பட்டியலில் இல்லை. மூன்றாக இருந்தால் இருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். காகிதத்தில் இடது பக்கம் பாதி வளைவு வந்தது. அது எட்டின் வளைவா, அரிப்பின் தடமா என்று சொல்ல முடியவில்லை. ஹைதராபாத் பதிவேட்டைக் கேட்டால், அந்த உருளை வேறொரு விமானத்திலிருந்து கழற்றி இதில் மாட்டியதாம். கழற்றியபோது எழுதிய தாளில் மூன்று, மாட்டியபோது எழுதிய தாளில் எட்டு.

இதற்குள் நிலைய மேலாளர் ஓடி வந்துவிட்டார். நல்ல மனிதர். அன்று அவருக்கு வியர்த்து வழிந்தது. குனிந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"எட்டு மாதிரிதான் தெரியுது மேடம்."

"மூணு மாதிரியும் தெரியுது சார்."

"நல்லா பாருங்க. எட்டுதான்."

நானும் மறுபடி பார்த்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அரை நிமிடம் எனக்கும் அது எட்டாகவே தெரிந்தது. டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எட்டு. எனக்கு அது எட்டாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். மூன்று டப்பா தம்ரூட் இனிப்பை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருக்கிறார். என் புடவை பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் காத்திருக்கிறது. டார்ச்சை நேராகப் பிடித்தேன். எட்டு போய்விட்டது.

உத்தரவில் இதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். எண்ணைப் படிக்க முடியவில்லை என்றால் பட்டியலில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். அதை மேலாளரிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கேப்டனைப் பார்த்தார். கேப்டன் வடக்கத்திக்காரர், அதிகம் பேசாதவர். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் பணி நேரக் கணக்குப்படி மாலை ஆறரை வரைக்கும் கிளம்பலாம் என்றும், அதுவரை என்னை அவசரப்படுத்தப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு இறக்கையின் நிழலில் போய் நின்றுகொண்டார்.

எண்ணெய் அழுத்தத்தை இறக்கி, வாயுவையும் வெளியேற்றினோம். மூடியை நன்றாகத் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசினேன். சோதனை எளிமையானதுதான். சாயம் இருபது நிமிடம் ஊற வேண்டும். பிறகு மேலே உள்ளதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடரைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் மெல்ல வெளியே வந்து வெள்ளையில் கோடு காட்டும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இதைச் செய்ய எனக்குத் தனி அனுமதி இருந்தது. அதற்கான பயிற்சிக்கு நான் போனபோது சின்ன ஊர் நிலையத்தில் அது எதற்கு என்று பலர் கேட்டார்கள்.

சாயம் ஊறும் நேரத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "உள்ள வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம். நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

ஓவராலோடு அப்படியே போனேன். கழுத்தில் கிரீஸ், கையில் சிவப்பு. உள்ளே நுழைந்ததும் பெரிய பூப்பிதான் முதலில் பார்த்தார். "அடியே, இது நம்ம புள்ளயில்ல?" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். மாமியார் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மடியில் இருந்த டப்பாவின் மூடியைச் சரிசெய்யத் தொடங்கினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஒரு பாகத்தைச் சோதிக்கிறோம், இன்னும் முக்கால் மணி நேரத்தில் முடிவு தெரியும் என்று பொதுவாகச் சொன்னேன். முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து நின்றார். அன்றிரவு ஹைதராபாத்திலிருந்து பாரிஸுக்கு விமானம் ஏற வேண்டியவர். மகன் வீட்டுக்குப் போகிறாராம்.

"பிரான்ஸ்ல இந்த மாரி கெடையாது. இம்போசிபில்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்ஜினியர் எங்க? இன்ஜினியர வரச் சொல்லு."

"நான்தான் சார் இன்ஜினியர்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் வெளியே வந்தேன். வெயிலில் நடக்கும்போது, சாயத்தைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டு அந்த டப்பா மூடியையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட மேடையில் பாட்டை மறந்து நின்றபோது அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டது போல ஒரு கூச்சம்.

நேரம் ஆனதும் துடைத்தேன். பவுடரைத் தெளித்தேன். அண்ணன் குடை பிடிப்பது போல ஓர் அட்டையைப் பிடித்து வெயிலை மறைத்தார். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. மேலாளர் மூச்சை விட்டார். மூன்றாவது நிமிடத்தில் மரை முடியும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது கொஞ்சம் நீண்டது. தலைமுடி ஒன்றை வெள்ளைத் துணியில் வைத்தது போல, விரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கோடு.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி செய்தேன். மறுபடியும் இருபது நிமிடம். மறுபடியும் அதே இடத்தில் அதே கோடு.

பயமாக இருந்தது. ஆனாலும் உள்ளே எங்கேயோ ஒரு சந்தோஷம். பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தால் சிரிப்புதான் வருகிறது. நான் சிரித்தேன். அண்ணன் பதறிப்போய், "தங்கச்சி, தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

பிடிப்பட்டையைத் தளர்த்தி உருளையைக் கழற்றி எடுத்தோம். மிச்சமிருந்த எண்ணெய் என் மணிக்கட்டில் வழிந்து எரிந்தது. ஓடிப் போய்க் கழுவிக்கொண்டு வருவதற்குள் அண்ணன் உருளையைத் திருப்பிப் பிடித்திருந்தார். பட்டைக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில் அதே எண்ணை இன்னொரு தடவை அச்சடித்திருந்தார்கள். எண்ணெயே படாமல், புத்தம் புதிதாக.

"மூணு" என்றார் அண்ணன். விரலை வைத்து எழுத்துக் கூட்டுவது போல இன்னொரு முறையும் சொன்னார். "மூணேதான்."

மேலாளர் கைக்குட்டையை எடுத்து, தன் முகத்தைத் துடைப்பதற்குப் பதிலாக என் பூதக்கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தார்.

மாற்று உருளை சென்னைக் கிடங்கில் இருந்தது. பட்டியலில் இல்லாத எண் என்று போனிலேயே இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஒரு கார் அதை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வந்து சேர மூன்று மணி நேரம், மாட்டிச் சோதிக்க ஒன்றரை மணி நேரம். எல்லாம் சரியாக நடந்தால் ஆறரைக்குள் பறக்கலாம்.

இதைச் சொல்ல மறுபடியும் உள்ளே போனேன். இந்தத் தடவை கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். ஹைதராபாத்தில் அலுவலகக் கூட்டத்துக்குப் போக வேண்டிய ஓர் இளைஞர், சின்ன விரிசல் என்றால் அங்கே போய்ச் சரிசெய்துகொள்ளலாமே என்றார். பாரிஸ் பெரியவர் மேலாளரைப் பார்த்துப் பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார்.

"இந்தப் பொண்ணு பேச்ச கேட்டுக்கிட்டு எழுவது பேர உக்கார வச்சிருக்கீங்களா முசியே? இதுக்கு இன்னா தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னால் டப்பா ஒன்றை நாற்காலியில் வைக்கும் சத்தம் கேட்டது. மாமியார் எழுந்து நின்றிருந்தார். குள்ளமான உருவம். கூட்டத்தில் நின்றால் தெரியாது. அதனால் நாலு பேரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது எம் மருமவ" என்றார். "அஞ்சு வருஷமா இந்த வேலதான் பாக்குது. ஏரோபிளேன் அடியில படுத்துக்கினு."

ஹாலில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. பெரிய பூப்பி வாயைத் திறந்தபடி இருந்தார்.

"நாளைக்கு எம் புள்ளைக்கு நிக்காஹ். மாப்பிள்ள தோ உக்காந்திருக்கான். எங்க வூட்டு ஆளுங்க பதினோரு பேரு அதுல ஏறணும். இவளும் ஏறணும். இவ சரின்னு சொல்லாம நாங்க ஒருத்தரும் ஏறப்போறதில்ல. உங்களுக்கு அவசரம்னா நீங்க போங்க. நாங்க ஒண்ணும் சொல்லல."

யாரோ சிரித்தார்கள். கூட்டத்துக்குப் போகிற இளைஞர்தான் என்று நினைக்கிறேன். வீடியோ எடுத்தவர் போனை இறக்கிவிட்டார். பாரிஸ் பெரியவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். மாமியார் அவரிடம் குரலைத் தாழ்த்தி, "நீங்க உக்காருங்க முசியே, காலு வலிக்கும்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்து மணிக்கட்டைப் பார்த்தார். சிவந்து தடித்திருந்தது.

"இன்னாம்மா இது?"

"எண்ணெய் பட்டுடுச்சு மாமி. கழுவிட்டேன்."

"சாப்ட்டியா?"

"இல்ல மாமி."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் தம்ரூட் டப்பா ஒன்றைத் திறந்தார். பெண் வீட்டுக்கென்று வியாழக்கிழமை முழுக்க நின்று கிண்டிச் சுட்ட ரவைத் தம்ரூட். பெரிய துண்டாக ஒன்றை வெட்டி என் வாயிலேயே ஊட்டிவிட்டார், என் கை சுத்தமாக இல்லை என்பதால். முழுக் கூட்டத்துக்கு முன்னால், ஓவராலில் நின்றுகொண்டு, மாமியார் ஊட்ட ஊட்டத் தின்றேன். அண்ணனுக்கும் கேப்டனுக்கும் காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

நான் வெளியே இருந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே நடந்ததைப் பிற்பாடு மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனி எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தது. அதோடு ஆளுக்கொரு துண்டு தம்ரூட். முதல் டப்பா அங்கேயே தீர்ந்தது, இரண்டாவதும் திறக்கப்பட்டது. மாமனாரும் சித்தப்பாவும் ஓர் ஓரத்தில் விரிப்பைப் போட்டுத் தொழுதார்கள். இடம் விட்டு நகர்ந்து உட்காரும்படி மற்றவர்களை மாமியார்தான் கேட்டுக்கொண்டாராம். சின்னப் பூப்பி வரப்போகிற மருமகளுக்கு வீடியோ காலில் விமானத்தைக் காட்டி, "அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல நீலமா தெரியுதே, அதான் உன் மூத்தா" என்று என்னை அவளுடைய ஓரகத்தியாக அறிமுகம் செய்துவைத்தார். விரிசல் என்றால் என்ன, எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமியார் விளக்கம் கொடுத்திருக்கிறார். குக்கர் மூடியில் கீறல் விட்டால் அதை அடுப்பில் வைப்பீர்களா என்பது அவர் விளக்கம். நான் பயிற்சி வகுப்பில் படித்ததைவிட அது தெளிவாக இருந்தது.

பாரிஸ் பெரியவர் சமாதானம் ஆகவில்லை. மகனோடு போனில் பேசி டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் தம்ரூட்டை இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். இரண்டாவது தடவை "மெர்சி மதாம்" என்று பிரெஞ்சில் நன்றியும் சொன்னாராம்.

கார் மூன்றே முக்காலுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் எண்ணைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கமாக நான் படிக்க, அண்ணன் பட்டியலில் பார்த்து இல்லை என்று சொன்னார். பிறகு அவர் படித்தார், நான் பார்த்தேன். புது மூடிக்கும் ஒரு முறை சாயம் பூசிப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. உத்தரவில் அப்படிக் கேட்கவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பூசிப் பாத்துடுங்க" என்றார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மாட்டி, குழாய்களை இணைத்து, நைட்ரஜன் ஏற்றி, எண்ணெய் நிரப்பி, பம்பை ஓடவிட்டுக் கசிவு பார்த்தோம். கேப்டன் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு மிதிக்கும் கட்டைவிரலை உயர்த்தினேன். அண்ணன் துணியை வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்து, துணியை என்னிடம் காட்டினார். ஒரு சொட்டு ஊதா கூட இல்லை. பலகையை மூடினோம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். எதைக் கழற்றினோம், ஏன், எதை மாட்டினோம், எந்த உத்தரவின்படி. எண்களை எழுதும்போது என் கை மெதுவாகத்தான் போனது. அன்றைக்கு நான் எழுதிய மூன்றை யாரும் எந்தக் காலத்திலும் எட்டு என்று படிக்க முடியாது.

கையெழுத்துப் போட்டபோது ஐந்தரை தாண்டியிருந்தது. புடவைக்கு மாற நேரமில்லை. கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, ஓவராலுக்கு மேல் அண்ணன் எங்கிருந்தோ எடுத்து வந்த ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகப் படியேறினேன். வாசலில் கேப்டன் நின்றிருந்தார். கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தார். இருக்கைகளுக்கு நடுவே நடந்து போகும்போது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு பெண் என் கையைத் தொட்டு, "எல்லாம் சரியாயிடுச்சாம்மா?" என்றார். ஆச்சு என்றேன்.

மாமியார் எனக்காகத் தன் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்திருந்தார். அதில் உட்கார வேண்டிய பெரிய பூப்பியைப் பின்னால் அனுப்பியிருந்தார். மாமியாருக்கு இது முதல் விமானப் பயணம். கிளம்பி ஓடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், எரிந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் மேலே. மேலே ஏறியதும் காலுக்கு அடியில் தடதடவென்று ஒரு சத்தம். அவர் விறைத்துப்போனார்.

"சக்கரம் மடங்குது மாமி."

"நீ மாட்டினதா?"

"அது இல்ல. ஆனா அதோட சேந்ததுதான்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார். வழிநெடுக அவர் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. அந்த எண்ணெய் ஏன் ஊதாவாக இருக்கிறது, நைட்ரஜன் எதற்கு, பெட்ரோல் எங்கே ஊற்றுகிறார்கள், இறக்கை மேல் நீ ஏறுவாயா, ஏறினால் வழுக்காதா. ஐந்து வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்தது போலக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, பின்னால் திரும்பிப் பூப்பிகளுக்கு எடுத்துச் சொன்னார். அதில் சில விவரங்கள் தப்பாகப் போயின. நான் திருத்தவில்லை.

ஹைதராபாத்தில் இறங்கும்போது பிரேக் பிடித்தது எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. என் கணவர் வாசலில் மாலையோடு நின்றிருந்தார். தம்பிக்குப் போட வேண்டிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என் ஓவராலையே பார்த்தார். "ட்ரெஸ் மாத்தலியா?" என்றார். "அவளுக்கு நேரமில்ல, நீ பெட்டியத் தூக்கு" என்றார் மாமியார்.

கழற்றிய உருளை ஆய்வுக்குப் போய், சில வாரம் கழித்து அறிக்கை வந்தது. விரிசல் வெளியே தெரிந்ததைவிட உள்ளே வெகுதூரம் போயிருந்ததாம். எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்த அன்று மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலாளர் அதை அச்செடுத்து வைத்திருந்தார். என்னிடம் காட்டி, "நான் எட்டுன்னு சொன்னத மறந்துடுங்க" என்றார். நானும் அரை நிமிடம் எட்டைத்தான் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன்.

நிக்காஹ் சொன்ன நேரத்துக்கு நடந்தது. பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு டப்பா தம்ரூட்தான். அதற்கு யாரும் மனம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. புதுப்பெண் மேடையிலேயே என் காதருகில் குனிந்து, "நீங்கதான பிளேன நிறுத்தினது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி நழுவி, யாரோ வந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிறகு நான் மண்டபத்தின் ஓரத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் பிடித்தேன். பட்டுப்புடவையோடு அப்படியே தூங்கிவிட்டேன். பந்தி மூன்று முறை நடந்து முடிந்திருக்கிறது. என்னை யாரும் எழுப்பவில்லை.